ஐரோப்பாவில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அரசு நிதி பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்கு மட்டும் 2021 முதல் 2027 வரை ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்கிய தொகை 9,550 கோடி யூரோ. 2024இல் பட்ஜெட்டைத் திருத்தியபோது அதில் சுமார் 210 கோடியை வெட்டினார்கள், அது வேறு கதை. இதற்குப் பக்கத்திலேயே இன்னோவேஷன் ஃபண்ட், சிப்ஸ் சட்டம், டிஜிட்டல் யூரோப், ஐரோப்பியப் பாதுகாப்பு நிதி, ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் கடன்கள், ஒவ்வொரு நாட்டு அரசும் தன் கருவூலத்திலிருந்து தரும் மானியங்கள் என்று வரிசை நீள்கிறது. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் விண்ணப்பித்துத் தோற்பவர்களில் பலர், கையில் நல்ல தொழில்நுட்பம் இருந்தும் தங்களுக்குப் பொருந்தாத திட்டத்தில் போய் நின்றவர்கள்.

அதனால் இங்கே விண்ணப்பம் எழுதுவதைவிட, எழுத உட்காருவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஐரோப்பாவில் பதிவு செய்த சிறு, நடுத்தர நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர்களையும், பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வெளியே வந்து நிறுவனம் தொடங்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சேர நினைப்பவர்களுக்கு ஐந்தாம் படியில் ஒரு பகுதி உண்டு.

## படி 1: பணம் யாருடையது?

ஐரோப்பிய நிதி என்று பொதுவாகச் சொன்னாலும் அது மூன்று இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பாகப் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையமோ அதன் முகமைகளோ நேரடியாகத் தேர்ந்தெடுத்துத் தரும் பணம். ஹொரைசன் யூரோப், அதற்குள் இயங்கும் ஐரோப்பியப் புத்தாக்க மன்றம் (இனி இஐசி), இன்னோவேஷன் ஃபண்ட் எல்லாம் இந்த வகை. போட்டி கண்டம் முழுவதும் நடக்கும், விதி எல்லா நாட்டுக்கும் ஒன்று.

இரண்டாவது, உறுப்பு நாட்டு அரசுகள் தருவது. பிரான்ஸில் பிபிஐஃபிரான்ஸ் என்ற அரசு முதலீட்டு வங்கி, நெதர்லாந்தில் ஆர்விஓ என்ற அரசு முகமை, ஜெர்மனியில் கூட்டாட்சி அமைச்சகங்களும் மாநில அரசுகளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதிகூட, உள்நாட்டு அதிகாரிகள் தேர்வு செய்து கொடுத்தால் இந்த வகையில்தான் சேரும்.

மூன்றாவது, ஐரோப்பிய முதலீட்டு வங்கி. அங்கே கிடைப்பது பெரும்பாலும் கடன். கொரோனா தடுப்பூசி தயாரித்த பயோஎன்டெக் நிறுவனத்துக்கு 2020 ஜூனில் இந்த வங்கி 10 கோடி யூரோ கடன் கொடுத்தது. தனியார் வங்கி கைவைக்கத் தயங்கும் கட்டத்தில் இப்படிப்பட்ட கடன் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனாலும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

இரண்டாவது வகையில் கவனம் தேவை. ஒரு நாட்டு அரசு தன் நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்துப் போட்டியைக் குலைப்பதை ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 107ஆவது பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. ஸ்டேட் எய்ட் என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். அங்கே வாங்கும் ஒவ்வொரு மானியமும் ஏதோ ஒரு விதிவிலக்கின் வழியாக வருவது. சிறு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஜிபிஇஆர் என்ற பொது விலக்கு விதி. அதன்படி தொழில்துறை ஆராய்ச்சிச் செலவில் 50 சதவீதம் வரை, சோதனை உருவாக்கத்துக்கு 25 சதவீதம் வரை அரசு தரலாம். சிறு நிறுவனம் என்றால் அதன் மேல் 20 சதவீதப் புள்ளி, நடுத்தர நிறுவனம் என்றால் 10 புள்ளி, கூட்டு முயற்சி என்றால் 15 புள்ளி கூடும். ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்ட முடியாது.

இந்த விதியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதல் பொறி, வேலையை முன்கூட்டியே தொடங்குவது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், "இந்த மானியம் இல்லாமலே நீங்கள் செய்திருப்பீர்கள்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். விண்ணப்பம் போய்ச் சேரும் வரை எந்த கொள்முதல் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம். இரண்டாவது பொறி, "சிக்கலில் உள்ள நிறுவனம்" என்ற வரையறை. திரண்ட நஷ்டம் பங்கு மூலதனத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டால் நீங்கள் அதற்குள் வந்துவிடுவீர்கள், மானியம் கிடைக்காது. மூன்று ஆண்டு நிறையாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. நான்காம் ஐந்தாம் ஆண்டில், வருமானம் வராமல் ஆராய்ச்சிக்கே செலவழித்துக்கொண்டிருக்கும் டீப்டெக் (ஆழமான அறிவியலில் பிறந்த தொழில்நுட்ப) நிறுவனங்கள்தான் மாட்டிக்கொள்ளும். பேலன்ஸ் ஷீட்டை இப்போதே கணக்காளரிடம் கொடுத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மூலதனத்தைக் கூட்ட வேண்டியிருந்தால் அதற்கு நேரம் பிடிக்கும்.

## படி 2: தொழில்நுட்பம் எந்த நிலையில் இருக்கிறது?

ஐரோப்பிய நிதித் திட்டங்கள் டிஆர்எல் என்ற ஒன்பது நிலை அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. நாசா தொடங்கிவைத்தது. நிலை 1 என்றால் அடிப்படைத் தத்துவம் மட்டும் தெரியும். நிலை 4இல் ஆய்வகத்தில் ஓடுகிறது. 6இல் நிஜமான சூழலுக்கு ஒப்பான இடத்தில் ஓட்டிக் காட்டியாகிவிட்டது. 9 என்றால் சந்தையில் இருக்கிறது.

இஐசியை எடுத்துக்கொண்டால் மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பாத்ஃபைண்டர் ஆரம்ப நிலைக்கு. ஒரு திட்டத்துக்குச் சுமார் 30 லட்சம் யூரோ. டிரான்சிஷன் நடுவில், 25 லட்சம் வரை, ஆனால் ஏற்கெனவே தகுதியான ஐரோப்பிய நிதியில் நடந்த ஆராய்ச்சியின் முடிவை மேலே கொண்டுபோவதாக இருக்க வேண்டும். அக்சலரேட்டர் ஆறாம் நிலையைத் தொட்டவர்களுக்கு; 25 லட்சம் வரை மானியம், அதோடு இஐசி ஃபண்ட் உங்கள் நிறுவனத்தில் பங்கு வாங்கும் வாய்ப்பு.

இங்கே எல்லோரும் ஒரு நிலை கூட்டியே சொல்வார்கள். ஆய்வகத்தில் இரண்டு மாதிரி ஓடியதை வைத்து "ஆறாம் நிலை" என்று எழுதினால், மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வாடிக்கையாளர் இடத்தில் எடுத்த அளவீடு, மூன்றாம் தரப்பு சோதனை அறிக்கை, இப்படி ஏதாவது கையில் இருந்தால் மட்டும் ஆறு என்று எழுதுங்கள்.

இந்தப் பணம் எவ்வளவு சின்னது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ டிராகி 2024 செப்டம்பரில் வெளியிட்ட போட்டித்திறன் அறிக்கையில் ஓர் ஒப்பீடு வருகிறது: பாத்ஃபைண்டரின் 2024 பட்ஜெட் 25.6 கோடி யூரோ, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்ப்பாவுக்கு 410 கோடி டாலர். நெரிசல் ஏன் இவ்வளவு என்பதற்கு இதுவே போதும்.

## படி 3: பதிவு வேலைகளை முடித்து வையுங்கள்

இது அரை நாள் வேலை, ஆனால் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் தலைவலி. ஐரோப்பிய ஆணையத்தின் நிதி மற்றும் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் இயூ லாகின் கணக்கு தொடங்குங்கள். நிறுவனத்தைப் பதிவு செய்தால் பிஐசி என்ற ஒன்பது இலக்க எண் உடனே கிடைக்கும். விண்ணப்பிக்க அது போதும். வென்றால் அதன் பிறகு சட்டப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கச் சொல்வார்கள். நிறுவனப் பதிவுப் பத்திரம், வரி எண் எல்லாம் அப்போது தேவைப்படும்.

சிறு, நடுத்தர நிறுவனமா என்ற சுயமதிப்பீட்டையும் இப்போதே செய்யுங்கள். 250க்குக் குறைவான ஊழியர்கள், 5 கோடி யூரோவுக்கு மிகாத விற்றுமுதல் அல்லது 4.3 கோடிக்கு மிகாத பேலன்ஸ் ஷீட். சிக்கல் எங்கே வரும் என்றால், உங்களில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் ஊழியர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

## படி 4: அழைப்பை வரிவரியாகப் படியுங்கள்

விண்ணப்பம் கேட்டு ஆணையம் வெளியிடும் அறிவிப்புதான் அழைப்பு. அது ஒவ்வொன்றிலும் "எதிர்பார்க்கும் விளைவு", "எல்லை" என்று இரண்டு பகுதிகள் இருக்கும். மதிப்பீட்டாளர் கையில் அந்த இரண்டு பகுதிகளும் இருக்கும், நீங்கள் எழுதியது அதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பார். உங்கள் கண்டுபிடிப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அங்கே கேட்காததற்கு மதிப்பெண் இல்லை.

அடுத்து, அது எந்த வகைத் திட்டம் என்று பாருங்கள். ஆராய்ச்சி மற்றும் புத்தாக்க வகை என்றால் செலவில் 100 சதவீதம் தருவார்கள். புத்தாக்க வகை மட்டும் என்றால் லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு 70 சதவீதம்தான். பல்கலைக்கழகம் போன்ற லாப நோக்கற்றவர்களுக்கு அப்போதும் 100. இதைக் கவனிக்காமல் கூட்டணி சேர்ந்துவிட்டு, மீதி 30 சதவீதத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று கடைசியில் கையைப் பிசையும் நிறுவனங்கள் உண்டு.

குவாண்டம், சிப், விண்வெளி போன்ற துறைகளில் இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனம் பங்கேற்கலாமா, கூடாதா. பாதுகாப்புக் காரணம் காட்டி இந்தத் தடை சில அழைப்புகளில் வருகிறது. உங்கள் பெரும்பான்மைப் பங்கு சிங்கப்பூரிலோ சென்னையிலோ உள்ள தாய் நிறுவனத்திடம் இருந்தால், இந்த ஒரு வரியில் ஆட்டம் முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் நாட்டின் தேசியத் தொடர்பாளரை அழையுங்கள். என்சிபி என்பார்கள். ஒவ்வொரு துறைக்கும் தனி ஆள், ஆலோசனை இலவசம். இவரிடம் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பி "இது இந்த அழைப்புக்குப் பொருந்துமா?" என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் வரும். கமிஷன் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதித் தரும் ஆலோசகரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

## படி 5: கூட்டணி

ஹொரைசனின் கூட்டுத் திட்டங்களுக்குக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அமைப்புகள் வேண்டும். மூன்றும் உறுப்பு நாடுகளிலோ இணைந்த நாடுகளிலோ இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். நார்வே, இஸ்ரேல், துருக்கி போன்றவை, ஒன்றியத்தில் இல்லாமல் ஹொரைசனில் சேர்ந்திருக்கும் இணைந்த நாடுகள். பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இஐசி ஃபண்டின் பங்கு முதலீட்டிலிருந்து பிரிட்டன் விலகியே நிற்பதால், லண்டனில் பதிவான நிறுவனத்துக்கு அக்சலரேட்டரில் மானியம் மட்டும்தான்.

இந்தியாவில் உள்ள நிறுவனமோ ஐஐடியோ பெரும்பாலான கூட்டுத் திட்டங்களில் சேரலாம். ஆனால் பணம் தானாக வராது. அழைப்பில் தனியாகச் சொல்லியிருந்தாலோ, அவர்கள் பங்கு இன்றியமையாதது என்று ஆணையம் ஏற்றாலோதான் வரும். சில அழைப்புகளில் இந்திய அரசே தன் பக்கத்துக்கான நிதியைக் கொடுக்கிறது; கடல் பிளாஸ்டிக் மாசு, கழிவிலிருந்து ஹைட்ரஜன் ஆகிய தலைப்புகளில் 2025இல் அப்படி நடந்தது. இலங்கை, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் வருவதால் அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு நிதித் தகுதி உண்டு. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருப்பவர்களுக்கு இது நிஜமான வாய்ப்பு. இருந்தாலும் அந்த மூன்று நாட்டுக் கணக்கில் இந்தியாவும் சேராது, இலங்கையும் சேராது.

கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயருக்காக ஆள் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டணியில் நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை என்றால் மதிப்பெண் குறையும். சேரும் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் பாலினச் சமத்துவத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. தனியார் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அறிவுசார் சொத்து யாருக்கு என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பக்கத்திலாவது எழுதி வையுங்கள். வென்ற பிறகு பேசினால் குரல் உயரும்.

## படி 6: தனியாகப் போகிறீர்களா? அக்சலரேட்டர்

கூட்டாளி வேண்டாம், ஒரே நிறுவனமாக விண்ணப்பிக்கலாம் என்பதால் ஸ்டார்ட்அப்கள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கின்றன. சுருக்க விண்ணப்பம், பிட்ச் டெக், மூன்று நிமிடக் காணொளி என்று முதல் கட்டம். அதில் தேறினால் முழு விண்ணப்பம். அதிலும் தேறினால் நடுவர் குழு முன் நேர்காணல்: பத்து நிமிடம் நீங்கள் பேச வேண்டும், பிறகு கேள்விகள்.

2024 அக்டோபர் சுற்றில் முழு விண்ணப்பம் போட்ட 1,211 நிறுவனங்களில் 71 தேர்வாயின. அதுவும் முதல் கட்டத்தில் வடிகட்டிய பிறகு மிஞ்சியவர்களுக்குள். ஹொரைசனின் மற்ற பகுதிகளில் சராசரியாக ஆறில் ஒன்று வெல்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மானியம் செலவில் 70 சதவீதம் வரைதான். மீதி 30 சதவீதம் உங்களிடம் இருக்கிறதா, அடுத்த முதலீட்டாளர் யார் என்று நடுவர்கள் துருவுவார்கள். நடுவர்களில் பலர் முதலீட்டாளர்கள், தொழில் முனைவோர். தொழில்நுட்பத்தை ரசிக்க அவர்கள் வரவில்லை, "வங்கியோ வென்ச்சர் முதலீட்டாளரோ ஏன் இதற்குப் பணம் தரவில்லை?" என்பதுதான் அவர்களுடைய முக்கியக் கேள்வி. ரிஸ்க் அதிகம் என்று காட்ட வேண்டும், அதே சமயம் உங்களால் அதைக் கடக்க முடியும் என்றும் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகாதவர்கள் நேர்காணலில் திணறுகிறார்கள்.

பங்கு முதலீடு தனிப் பாதை. இஐசி ஃபண்ட் சிறுபான்மைப் பங்குதான் எடுக்கும், ஆனால் மற்ற முதலீட்டாளர்களைப் போலவே நிறுவனத்தைப் பிரித்து ஆராயும், மாதங்கள் ஓடும். சம்பளம் கொடுக்க அந்தப் பணத்தை நம்பி உட்கார வேண்டாம். ஏற்கெனவே வளர்ந்து பெரிய சுற்று திரட்டுபவர்களுக்கு 1 கோடி முதல் 3 கோடி யூரோ வரை முதலீடு செய்யும் ஸ்டெப் ஸ்கேல்அப் (ஸ்டெப் பற்றிப் படி 11இல்) 2025இல் தொடங்கியது.

## படி 7: எழுதுவது

ஹொரைசனில் மூன்று அளவுகோல்கள்: சிறப்பு, தாக்கம், செயல்படுத்தும் தரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். ஒவ்வொன்றிலும் மூன்றும், மொத்தத்தில் பத்தும் எடுத்தால் தகுதி. நடைமுறையில் பத்து எடுத்தவருக்குப் பணம் வராது. பதிமூன்றைத் தாண்டியவர்களுக்குள்தான் அடிதடி. புத்தாக்க வகைத் திட்டங்களில் தரவரிசை போடும்போது தாக்கத்துக்கு ஒன்றரை மடங்கு எடை உண்டு.

பொறியாளர்கள் எழுதினால் சிறப்புப் பகுதி செழிப்பாக இருக்கும், தாக்கப் பகுதியில் "இச்சந்தை வேகமாக வளர்ந்து வருகிறது" என்ற வரி மட்டும் இருக்கும். அந்தப் பகுதியில் பெயர் சொல்லுங்கள்: எந்த வாடிக்கையாளர், எந்த ஆலை, இப்போது என்ன விலை கொடுக்கிறார், உங்கள் பொருள் வந்தால் என்ன மாறும். ஒரு வாடிக்கையாளரின் கடிதம் இருந்தால் பத்து சந்தை அறிக்கைகளைவிட அது பேசும்.

பக்க வரம்பைத் தாண்டினால் மிச்சப் பக்கங்களை மதிப்பீட்டாளர் பார்க்கவே மாட்டார். கடைசி நாள் பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி என்றால் 5 மணிதான். முந்தின நாளே ஒரு பிரதியை ஏற்றி வையுங்கள். கடைசி நிமிடம் வரை மாற்றி மாற்றி ஏற்றலாம்.

## படி 8: பட்ஜெட்

உண்மைச் செலவு முறையில் ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளச் செலவை 215ஆல் வகுத்தால் ஒரு நாள் விலை கிடைக்கும். ஆண்டுக்கு 86,000 யூரோ என்றால் நாளுக்கு 400. அவர் திட்டத்தில் 60 நாள் வேலை செய்தால் 24,000. அதன் மேல் மறைமுகச் செலவாக 25 சதவீதம் தானாகச் சேரும்: 30,000. புத்தாக்க வகைத் திட்டம் என்றால் அதில் 70 சதவீதம், அதாவது 21,000 உங்களுக்கு வரும். மீதி 9,000 உங்கள் கையிலிருந்து.

துணை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் பணத்தின் மீது அந்த 25 சதவீதம் கிடையாது. இயந்திரம் வாங்கினால் பொதுவாக அதன் முழு விலையைக் காட்ட முடியாது. திட்டம் நடக்கும் காலத்துக்கான தேய்மானத்தை மட்டும்தான். 3 லட்சம் யூரோ இயந்திரம் வாங்கி மூன்றில் ஒரு பங்கு மட்டும் திரும்பி வந்ததைப் பார்த்து அதிரும் நிறுவனங்கள் இந்த ஒரு விதியைப் படிக்காதவை.

இப்போது பல அழைப்புகள், முன்பே முடிவு செய்த தொகையைத் தரும் மொத்தத் தொகை முறைக்கு மாறிவிட்டன. நேரப் பதிவேடு வேண்டாம், ரசீது காட்ட வேண்டாம், செலவுத் தணிக்கை இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு பணித்தொகுப்பு (திட்ட வேலையின் ஒரு பகுதி) முடிந்தால்தான் அதற்கான பணம், முடியாவிட்டால் அந்தத் தவணையில் இல்லை. நான்கு ஆண்டு ஓடும் ஒரே பெரிய தொகுப்பாகப் போட்டால் நான்கு ஆண்டு காத்திருக்க நேரிடும். அறிக்கைக் காலத்துக்கு ஏற்ப உடைத்துப் போடுங்கள்.

## படி 9: தொழிற்சாலை கட்டும் அளவுக்கு வந்துவிட்டால்

இங்கிருந்து விதி வேறு, தொகை வேறு, அரசியலும் வேறு.

கார்பன் உமிழ்வைக் குறைக்கும் தொழில்நுட்பம் என்றால் இன்னோவேஷன் ஃபண்ட். கார்பன் அனுமதிச் சீட்டு ஏலத்தில் வரும் வருமானம்தான் இதன் ஊற்று; 2020 முதல் 2030 வரை சுமார் 4,000 கோடி யூரோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள், சீட்டு விலையோடு இந்தத் தொகையும் ஏறி இறங்கும். வழக்கமான மானியத்தில் தகுதியான செலவில் 60 சதவீதம் வரை கிடைக்கும். இயங்கத் தொடங்கும் முன் 40 சதவீதம் வரை மைல்கல் அடிப்படையில் எடுக்கலாம். மீதி, உமிழ்வு உண்மையாகவே குறைந்ததைச் சரிபார்த்துத் தருவது. இதே நிதியிலிருந்து ஹைட்ரஜனுக்கு ஏலமும் நடத்துகிறார்கள். 2024இல் முடிந்த முதல் ஏலத்தில் ஏழு திட்டங்கள் கிலோவுக்கு 0.37 முதல் 0.48 யூரோ வரை மானியம் கேட்டு வென்றன. உச்ச வரம்பு 4.50 யூரோ! வெல்வதற்காக இவ்வளவு தாழக் கேட்டவர்கள் முதலீட்டாளரை எப்படிச் சம்மதிக்க வைப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது.

சிப், பேட்டரி, ஹைட்ரஜன், கிளவுட் போன்ற துறைகளில் ஐபிசிஇஐ என்ற வழி இருக்கிறது. நான்கு நாடுகளாவது சேர்ந்து, "இது ஐரோப்பா முழுமைக்கும் முக்கியம்" என்று சொல்லித் தங்கள் நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்க ஆணையத்திடம் அனுமதி வாங்குவது. பணம் முழுக்க நாட்டு அரசுகளுடையது, பிரஸ்ஸல்ஸ் கொடுப்பது அனுமதி மட்டும். 2023 ஜூனில் ஒப்புதல் பெற்ற மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் திட்டத்தில் 14 நாடுகள், 56 நிறுவனங்கள், 810 கோடி யூரோ அரசுப் பணம்.

இதற்கு விண்ணப்பிக்கும் இடம் உங்கள் நாட்டுப் பொருளாதார அமைச்சகம். அவர்கள் விருப்பம் கேட்டு அறிவிப்பு விடும்போது சுருக்கத் திட்டம் கொடுக்க வேண்டும். பிறகு மற்ற நாட்டு நிறுவனங்களோடு இணைப்புக் கூட்டம். அப்புறம் நிதி இடைவெளிக் கணக்கு: மானியம் இல்லாமல் இந்த முதலீடு எவ்வளவு நஷ்டம் தரும் என்பதை முழுத் திட்டக் காலத்துக்கும் எக்செல் தாளில் காட்ட வேண்டும். அந்த இடைவெளிக்கு மேல் ஒரு யூரோகூடக் கிடைக்காது. எதிர்பார்த்ததைவிட லாபம் வந்தால் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் நிபந்தனையும் பெரிய தொகைகளுக்கு உண்டு. கண்டறிந்ததை மற்றவர்களோடு பகிரவும் உறுதி கொடுக்க வேண்டும். ஆணையத்திலிருந்து கேள்வித் தாள்கள் வரும், பதில் போகும், மறுபடி வரும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் இதில் நேரடியாக இறங்குவதைவிட, இறங்கிய பெரிய நிறுவனத்தின் கூட்டாளியாகச் சேர்வது உசிதம் என்பது என் கருத்து.

சிப்ஸ் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசும் தனியாரும் சேர்ந்து 4,300 கோடி யூரோ, 2030க்குள் உலக சிப் உற்பத்தியில் 20 சதவீதம் என்று இலக்கு. ஆணையத்தின் சொந்தக் கணிப்பே 11.7 சதவீதத்தில்தான் நிற்கிறது என்பதை ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2025இல் சுட்டிக்காட்டியது. ஜெர்மனியின் இரண்டு ஊர்களைப் பார்த்தால் இதன் நல்லதும் கெட்டதும் தெரியும். டிரெஸ்டனில் தைவானின் டிஎஸ்எம்சி 70 சதவீதமும், பாஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி தலா 10 சதவீதமும் பங்கு வைத்துள்ள ஆலைக்கு 500 கோடி யூரோ ஜெர்மன் மானியம். 2024 ஆகஸ்டில் ஆணையம் ஒப்புதல் தந்த அதே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். கார், தொழிற்சாலைக் கருவிகளுக்குத் தேவையான 28 முதல் 12 நானோமீட்டர் வகை சிப்கள், வாங்குவதற்கு ஆள் பங்குதாரர்களாகவே உள்ளே இருக்கிறார்கள். மாக்டேபர்கில் இன்டெல் நிறுவனத்துக்கு 990 கோடி யூரோ வரை தருவதாக ஜெர்மனி சொன்னது. ஆலை முதலில் தள்ளிப்போனது, 2025 ஜூலையில் இன்டெல் கைவிட்டது.

ஸ்வீடனின் பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட் இன்னும் வலிக்கும் கதை. அமெரிக்க மானியம் அந்த முதலீட்டை இழுத்துக்கொள்ளாமல் இருக்க, ஜெர்மனியின் ஹைடே நகரில் பேட்டரி ஆலைக்கு 90.2 கோடி யூரோ உதவியை 2024 ஜனவரியில் ஆணையம் அனுமதித்தது. 2025 மார்ச்சில் நிறுவனம் ஸ்வீடனில் திவால். பொதுப் பணம் கட்டடத்தையும் இயந்திரத்தையும் வாங்கித் தரும். உற்பத்தியில் கழிவு விகிதத்தைக் குறைத்துத் தராது. அதன் பிறகு மானிய அதிகாரிகள், வாங்குவோரின் ஒப்பந்தத்தையும் உற்பத்தித் திறனுக்கான ஆதாரத்தையும் கூடுதலாகக் கிளறினால் ஆச்சரியப்படாதீர்கள். அவற்றை முதலிலேயே தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

## படி 10: வென்ற பிறகு

ஹொரைசனில் கடைசித் தேதியிலிருந்து ஐந்து மாதத்தில் முடிவு, எட்டு மாதத்தில் ஒப்பந்தம் என்பது கணக்கு. முன்பணம் வரும்போது மொத்த மானியத்தில் பொதுவாக 5 சதவீதத்தைப் பரஸ்பரக் காப்பீட்டு நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள், கடைசியில் திரும்பும். இறுதி அறிக்கைக்கு முன் 90 சதவீதத்துக்கு மேல் வராது. கடைசி 10 சதவீதத்துக்கான செலவை முன்கூட்டிச் செய்ய வங்கியில் பணம் வேண்டும்.

நேரப் பதிவை முதல் மாதத்திலிருந்தே எழுதுங்கள், கடைசி பணம் வந்து ஐந்து ஆண்டு வரை ஆவணங்களை வையுங்கள். ஒரே செலவை இரண்டு மானியத்தில் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. கண்டுபிடித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், மோசடி எதிர்ப்பு அலுவலகம் வரை போகலாம்.

## படி 11: தோற்றால்

நல்ல மதிப்பெண் எடுத்தும் பட்ஜெட் தீர்ந்ததால் விடுபட்டவர்களுக்குச் சிறப்பு முத்திரை ஒன்று தருகிறார்கள், சீல் ஆஃப் எக்ஸலன்ஸ். இதை அலங்காரப் பத்திரமாக நினைத்து அலமாரியில் வைத்துவிட வேண்டாம். ஜிபிஇஆர் விதிப்படி, இந்த முத்திரை பெற்ற சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு நாட்டு அரசோ மாநில அரசோ 25 லட்சம் யூரோ வரை, திட்டத்தை மறுபடி மதிப்பிடாமலே தரலாம். எல்லா அரசும் தருவதில்லை. உங்கள் மாநிலம் தருகிறதா என்று என்சிபிக்குத் தெரியும்.

இதேபோல ஸ்டெப் என்ற தளத்தின் முத்திரையும் உண்டு. டிஜிட்டல் மற்றும் டீப்டெக், தூய தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் ஆகிய துறைகளுக்காக 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆணையம் இதற்கு 1,000 கோடி யூரோ புதுப் பணம் கேட்டது. கிடைத்தது 150 கோடி, அதுவும் பாதுகாப்பு நிதிக்கு. அதனால் ஸ்டெப் என்பது பெரும்பாலும் இருக்கிற திட்டங்களை இந்தத் துறைகள் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு. வட்டார நிதி வைத்திருக்கும் அதிகாரிக்கு அந்த முத்திரையைக் காட்டினால் பேச்சு எளிதாகத் தொடங்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

மதிப்பீட்டு அறிக்கையை மூன்று நாள் கழித்து, கோபம் ஆறிய பிறகு படியுங்கள். அதில் சொன்ன குறை உங்கள் எழுத்தில் இருந்தால் திருத்தி மறுபடி போடலாம். தொழில்நுட்பத்திலேயே இருந்தால் போட வேண்டாம்.

## படி 12: 2028ஐ மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்

இந்த பட்ஜெட் காலம் 2027இல் முடிகிறது. 2028 முதல் 2034 வரைக்கு ஐரோப்பியப் போட்டித்திறன் நிதி என்ற ஒன்றை ஆணையம் 2025 ஜூலை 16 அன்று முன்மொழிந்தது. ஹொரைசனின் 17,500 கோடியையும் சேர்த்து எண்ணினால் 40,900 கோடி யூரோ. இப்போது தனித்தனியாக இருக்கும் பல திட்டங்களை நான்கு துறைச் சாளரங்களுக்குள் கொண்டுவருவது நோக்கம்: தூய ஆற்றல் மாற்றம்; டிஜிட்டல்; சுகாதாரம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை; பாதுகாப்பு மற்றும் விண்வெளி. பாராளுமன்றமும் உறுப்பு நாடுகளும் பேரம் பேசித்தான் இறுதித் தொகை வரும். முன்மொழிந்த தொகை அப்படியே வந்துசேர்வது அபூர்வம். ஸ்டெப்புக்கு நடந்ததை மேலே பார்த்தோம்.

உங்களுக்கு இதில் நடைமுறைக் கேள்வி ஒன்றுதான்: இப்போதைய விதியில் விண்ணப்பிப்பதா, புதிய விதிக்குக் காத்திருப்பதா. புதிய பட்ஜெட் காலம் தொடங்கும் ஆண்டில் அழைப்புகள் தாமதமாகத்தான் வரும். 2021இல் ஹொரைசன் யூரோப்பின் முதன்மை வேலைத் திட்டம் ஜூனில்தான் வெளியானது. தொழில்நுட்பம் ஆறாம் நிலையைத் தொட்டுவிட்டது என்றால் 2027க்குள் போட்டுவிடுங்கள். இன்னும் நான்கில்தான் இருக்கிறது என்றால் இப்போது கூட்டுத் திட்டம் ஒன்றில் சிறு கூட்டாளியாகச் சேர்ந்து, 2028இல் அந்த முடிவோடு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.